அமெரிக்கா எனக்குக் கடன் தரச் சம்மதித்த கதை

அபுதாபியில் அமெரிக்கத் தூதரகத்தின் வாசலில் நின்ற காவலாளி என் சேலையைப் பார்த்ததுமே விசா வரிசையைக் காட்டினார். நான் என்னுடைய நீல அமெரிக்கப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "மேடம், திஸ் சைடு" என்று குடிமக்களுக்கான வரிசைக்குக் கை காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது.

எனக்கு அப்போது முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அல் ஐனில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். கணவர் அதே ஊரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேட்டர். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு கம்பி, எவ்வளவு செலவு என்று முன்கூட்டிச் சொல்கிற வேலை. பாஸ்போர்ட் காலாவதி ஆகப்போகிறது என்று அவர் லீவு போட்டு என்னைக் காரில் கூட்டி வந்திருந்தார். அவரை உள்ளே விடவில்லை. வெளியே காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாஸ்போர்ட் எனக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மதுரையில் கல்லூரி ஆசிரியர். கல்யாணமான புதிதில் ஆராய்ச்சிக்கென்று அமெரிக்காவின் நடுவில் எங்கோ ஒரு பல்கலைக்கழக ஊருக்குப் போனார். அம்மாவும் போனாள். ஜனவரிப் பனியில் நான் பிறந்தேன். அடுத்த குளிர்காலம் வருவதற்குள் அம்மா, "இன்னொரு பனிக்காலம்னா என்னைய இங்கனயே பொதச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். ஆராய்ச்சி பாதியில் நின்றது. மதுரைக்குத் திரும்பினார்கள். அமெரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்தவை ஒரு பிளாஸ்க், யாராலும் போட முடியாத ஒரு கம்பளிக் கோட்டு, அமெரிக்கக் குடியுரிமையோடு நான்.

அப்பா அந்தக் குடியுரிமையை மாற்றாமலே விட்டுவிட்டார். பெருமையா, சோம்பலா, தெரியாது. நான் மதுரையில் வெளிநாட்டவளாக வளர்ந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை போலீஸ் அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். பட்டுப்பாவாடையும் ரெட்டைச் சடையுமாக நான் போய் நிற்பேன். அங்கிருந்த ஏட்டு, "அமெரிக்கா வந்திருச்சா? வா தாயி, இங்கன ஒக்காரு" என்று கடலை மிட்டாய் கொடுப்பார். எனக்கு அது ஒரு திருவிழா மாதிரி இருந்தது, பிளஸ் டூ முடிக்கும் வரை.

மருத்துவத்துக்கு வேண்டிய மதிப்பெண் எனக்கு இருந்தது. இந்தியக் குடியுரிமை இல்லை. விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அப்பா அலையாத ஆபீஸ் இல்லை. குடியுரிமை மாறி வருவதற்குள் அந்த வருஷத்துச் சேர்க்கை மட்டுமல்ல, அடுத்ததும் முடிந்துவிடும் என்றார்கள். நான் மைக்ரோபயாலஜி சேர்ந்தேன், பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பு, பிறகு கல்யாணம், பிறகு அல் ஐன். அப்பா அதற்குப் பிறகு அமெரிக்காவைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

லேப் வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒரு குறை. கட்டட சைட்டிலிருந்து ரத்தப் பரிசோதனைக்கு வரும் ஆள் கையை நீட்டும்போது என்னிடம் பேசுவான். ராமநாதபுரத்தில் மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்பான், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் என்பான். ஊசியை எடுத்ததும் கதை நின்றுவிடும். அவனுடைய ரத்தம் மட்டும் என்னிடம் இருக்கும். அவனுக்கு என்ன ஆயிற்று, மருந்து கேட்டதா, ஊருக்குப் போனானா, எதுவும் எனக்கு வந்து சேராது. சில நாள் டாக்டர் அறைக் கதவருகே காரணமில்லாமல் போய் நிற்பேன்.

இனி தூதரகத்துக்கு வருகிறேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில் முக்காடும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக ஒரு பெண் மடியில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். இதயத்தின் படம். நான் எட்டிப் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தோம். பாலஸ்தீனக் குடும்பம், பிறந்தது நியூ ஜெர்சியில், வளர்ந்தது ஷார்ஜாவில். இப்போது கரீபியன் தீவு ஒன்றில் மருத்துவம் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள்.

"அப்பா பெரிய பிசினஸா?" என்று கேட்டேன்.

"டயர் கடை" என்று சிரித்தாள். "அப்பா காசில் இல்லை. அமெரிக்க அரசாங்கம் எனக்குக் கடன் கொடுக்கிறது."

"உங்களுக்கு எப்படி?"

அவள் என் கையில் இருந்த பாஸ்போர்ட்டை விரலால் தட்டினாள். "இது இருக்கிறதே. நீங்கள் எந்த ஊரில் வளர்ந்தாலும் சரி. அவர்கள் ஒப்புக்கொண்ட வெளிநாட்டுக் கல்லூரிகள் கொஞ்சம் இருக்கின்றன. அங்கே சீட் வாங்கினால் கடன் தருவார்கள். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு வயதாகிவிட்டதே என்று இழுத்தேன். அவள் வகுப்பில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் இருக்கிறாராம். அவருடைய மகள் அவளைவிட உயரமாம். அதற்குள் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள். பேரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என்னுடைய எண்ணை இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்டது.

வெளியே வந்து கார் கண்ணாடியைத் தட்டினேன். கணவர் விழித்துக் கதவைத் திறந்தார். அவர் திருநெல்வேலிப் பக்கம்.

"என்னட்டி, மொகமெல்லாம் செவந்து கெடக்கு? பாஸ்போர்ட்டப் புடுங்கிட்டாவளா?"

"இல்லங்க. நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்."

"செரி. மொதல்ல பெல்ட்டப் போடு."

அபுதாபியிலிருந்து அல் ஐன் வரை இரண்டு பக்கமும் மரம் வைத்த நேரான சாலை. அந்தச் சாலை முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் 'உம்' கொட்டிக்கொண்டே ஓட்டினார். அல் ஐனுக்குள் நுழைந்து மணிக்கூண்டு ரவுண்டானாவுக்கு வரும்போதுதான் அவருக்கு விஷயம் முழுசாக உள்ளே இறங்கியது.

"இரு இரு. யாரு கடன் குடுப்பா?"

"அமெரிக்கா."

"ஒனக்கு?"

"எனக்கு."

"என் பொண்டாட்டிக்கு? நம்ம தெரு இட்லிக் கடையில ஒனக்குக் கடன் சொல்லக் கூச்சம். அமெரிக்கா வலிய வந்து குடுக்குதாக்கும்?"

சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய வழி கடந்து போயிற்று.

"ஏங்க, நம்ம ரோடு போயிருச்சு."

"போட்டும்." மறுபடி சுற்றினார். மறுபடியும் அந்த வழி போயிற்று. "டாக்டரம்மா, எந்தப் பக்கம் திரும்பணும், சொல்லுங்க!" என்று கத்தினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்து வண்டிக்காரர் ஒரு அரபிக் கிழவர், கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தார். கையை உயர்த்தி ஆட்டினார். நாங்களும் ஆட்டினோம். அவரும் சுற்றினார். எதற்கென்று தெரியாது.

பிறகு ஒன்றரை வருஷம் படிப்பு. கிளினிக்கில் சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி நிற்கும் இடைவெளியில் வேதியியல். பஸ்ஸில் இயற்பியல். சாம்பார் கொதிக்கும்போது ஆங்கிலச் சொற்கள். கணவர் கேள்வி கேட்பார், நான் கரண்டியோடு பதில் சொல்வேன். அமெரிக்காவில் பிறந்தும் எனக்கு அந்த ஊர்க் குடிமக்களுக்குரிய அடையாள எண்கூட இல்லை. அதையும் தூதரகம் வழியாக வாங்கினேன். நுழைவுத் தேர்வு எழுதி, அந்தப் பெண் சொன்ன மாதிரி ஒரு கரீபியன் தீவுக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். தொலைபேசியில் நேர்காணல் நடந்தது. அவர்கள் முதல் கேள்வியைக் கேட்கும்போது எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம், நான் அதை மழை என்று சொல்லிவிட்டேன். அல் ஐனில் ஜூன் மாதத்தில் மழை! அங்கே யாருக்குத் தெரியும். சீட் கிடைத்துவிட்டது.

கடனைப் பற்றி முழுசாக விசாரித்தது அதற்குப் பிறகுதான். அங்கேதான் தலையில் இடி.

அரசாங்கம் கடன் தருவது நிஜம். ஆனால் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருந்தது. அமெரிக்காவுக்கு உள்ளே மருத்துவம் படிப்பவர்களுக்கு அந்த வரம்பு கூடுதல். வெளிநாட்டுக் கல்லூரியில் படித்தால், நீ டாக்டருக்குப் படித்தாலும் சரி, வரலாற்றில் மேற்படிப்புப் படித்தாலும் சரி, ஒரே வரம்பு. அது கல்லூரிக் கட்டணத்தில் பாதிக்குச் சற்று மேல் வந்தது. சாப்பாடு, வாடகை, விமானம் எல்லாம் அதற்கு வெளியே.

கணவர் நான் கணக்கு எழுதிய காகிதத்தை வெகு நேரம் பார்த்தார். "பாதி டாக்டரா ஆவ முடியுமான்னு கேளேன். இடுப்புக்கு மேல மட்டும் நீ பாரு. கீழ உள்ளதுக்கு வேற ஆளப் போடட்டும்."

மீதிக்குத் தனியார் வங்கியில் வாங்கலாம். ஆனால் அமெரிக்காவில் வாழ்கிற, அங்கே ஒழுங்காகக் கடன் வாங்கிக் கட்டிப் பழகிய ஒருவர் என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எனக்கு யார் இருக்கிறார்கள்? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நம்ம வீட்டுக்கார அம்மா இருக்காகள்ல" என்றாள் அம்மா. அவர்கள் அமெரிக்காவில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. "என்மேல உசிரு. ஒன்னய மடியில வச்சுக் கொஞ்சுவாக. ஒரு வார்த்த கேட்டாப் போதும்."

"அம்மா, அவங்களுக்கு அப்பவே எழுவது வயசும்ப."

"அதுக்கென்ன? அந்த ஊர்ல எல்லாரும் நூறு வயசு இருப்பாக. குளிர்ல கெடாம இருக்கும்."

கணவர் அல் ஐனில் வங்கிக்குப் போனார். சம்பளத்தை வைத்துத்தான் அங்கே கடன். ஏற்கெனவே காருக்கு வாங்கியது ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "அவன் குடுக்கத வச்சு ஒன்னய ஒரு செமஸ்டர் படிக்க வைக்கலாம். நல்லா உக்காந்து படிச்சியன்னா அதுக்குள்ள முடிச்சிருவியா?"

நான் சிரித்தேன். அவர் குளிக்கப் போனதும் தாளாமல் உட்கார்ந்து அழுதேன். பதினெட்டு வயதில் பாஸ்போர்ட்டால் போனது. இப்போது அதே பாஸ்போர்ட் வீட்டு வாசல் வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போகிறது. கல்லூரிக்கு, இந்த வருஷம் வர முடியாது என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். சொல்வதற்கு முன் கடன் தரும் அலுவலகத்துக்கு ஒரே ஒரு தடவை பேசிவிடுவோம் என்றார் கணவர்.

அமெரிக்காவுக்குப் பேசுவதென்றால் அப்போது, முன்பணம் கொடுத்து வாங்கி, மறைத்திருக்கும் எண்ணைச் சுரண்டி எடுத்துப் பேசுகிற கார்டுதான். எங்கள் கட்டடத்தின் கீழே ஒரு பக்காலா. அங்கே மளிகைக் கடையை அப்படித்தான் சொல்வார்கள். கடைக்காரர் கீழக்கரைக்காரர். நான் முதலில் அவரை "பாய்" என்றுதான் கூப்பிட்டேன். "நம்ம ஊர்ல அண்ணன காக்காண்டு கூப்புடுவோம். நீங்களும் அப்புடியே கூப்புடுங்க தங்கச்சி" என்றார். நான் இரண்டு நாள் முயன்றேன். காய்கறி எடுத்துக்கொண்டே "காக்கா" என்று குரல் கொடுத்தால் எனக்கே சிரிப்பு வந்து தக்காளி கையை விட்டு விழுந்தது. மூன்றாம் நாள் அவரே, "விடுங்க, பாய்ண்டே கூப்புடுங்க. தக்காளி நஷ்டமாகுது" என்றார்.

அவருக்கு என் கடன் கதை ஆரம்பத்திலிருந்தே தெரியும். கார்டு வாங்கப் போகும்போதெல்லாம் கேட்பார்.

"என்ன சொல்றான் அமெரிக்காக்காரன்?"

"லைன்ல நிக்க வைக்கிறான் பாய். பாட்டுப் போடுறான். கார்டு தீந்துருது."

"வட்டிண்டா எங்களுக்கு ஆகாது தங்கச்சி. அதுல நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. ஆனா கார்டு விக்கிறது ஹலால்தான்." பெரிய கார்டை எடுத்து நீட்டுவார்.

அன்று மாலை, அங்கே காலை அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு வீட்டிலிருந்து கூப்பிட்டேன். கணவர் இன்னும் சைட்டிலிருந்து வரவில்லை. வழக்கமான பாட்டு முடிந்து ஒரு பெண் குரல் வந்தது. இழுத்து இழுத்து, தேனில் தோய்த்த மாதிரிப் பேசுகிற குரல். என்னை முதல் வார்த்தையிலேயே "ஹனி" என்று கூப்பிட்டாள். நான் என் கதையைச் சொன்னேன். வரம்பு, பாதிக் கட்டணம், கையெழுத்துப் போட ஆள் இல்லை, அதனால் விட்டுவிடப் போகிறேன்.

"இரு, ஹனி. நீ எப்போது சேர்கிறாய்?"

"ஆகஸ்டில்."

"அப்படியென்றால் இதைக் கேட்டுக்கொள். இந்த ஜூலையிலிருந்து மேற்படிப்பு மாணவர்களுக்குப் புதிதாக ஒரு அரசாங்கக் கடன் வருகிறது. பழைய கடன் முழுக்க எடுத்த பிறகு, மீதி எவ்வளவு தேவையோ, அதற்குத் தனி வரம்பு—"

பீப். கார்டு தீர்ந்துவிட்டது.

தனி வரம்பு என்ன? இருக்கிறதா, இல்லையா? எவ்வளவு? நான் நைட்டியில் இருந்தேன். மேலே ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு செருப்பில்லாமல் படியில் இறங்கி ஓடினேன். லிஃப்டுக்கு நிற்கப் பொறுமை இல்லை. பக்காலாவில் நல்ல கூட்டம். ரொட்டிக்கும் முட்டைக்கும் பாகிஸ்தானிலிருந்து வந்த பட்டாணிக்காரர்கள் இரண்டு பேர், சைட் முடிந்து வந்த நம் ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர், ஒரு பிலிப்பினோ நர்ஸ்.

"பாய், கார்டு! பெருசு! நடுவுல கட்டாயிருச்சு!"

அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கார்டை எடுத்தார், பெட்டியில் கிடந்த காசால் அவரே சுரண்டினார், கடைப் போனை என் பக்கம் திருப்பி வைத்தார். "மேல ஏறிப் போயி மூச்சு வாங்கிப் பேசவா? இங்கயே பேசுங்க." அவர் எண்ணை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல நான் அழுத்தினேன். பின்னால் நின்ற பையன் ஒருவன், "அக்கா, ஏழு ரெண்டு தடவ அமுக்கிட்டீங்க" என்றான். மறுபடி முதலிலிருந்து.

பாட்டு ஓடியது. கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். பட்டாணிக்காரர் முட்டை அட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார். கடைசியில் குரல் வந்தது, வேறு யாரோ. நான் முன்பு பேசிய தேன் குரல் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? "சற்று முன் என்னை ஹனி என்று கூப்பிட்டவர்" என்றேன். "இங்கே எல்லோருமே அப்படித்தான் கூப்பிடுவோம்" என்றான் அந்த ஆண். ஆனாலும் அவளைப் பிடித்துக் கொடுத்தான்.

"நீயா! நான் பேசிக்கொண்டே இருந்தேன், பார்த்தால் யாருமில்லை. எங்கே விட்டேன்? தனி வரம்பு என்று ஒன்று அதற்கு இல்லை. கல்லூரி இந்த வருஷத்துக்கு மொத்தச் செலவு என்று எதைச் சொல்கிறதோ, அதுவரை. கட்டணம், வாடகை, சாப்பாடு, பயணம், எல்லாம். அதில் முதல் கடனைக் கழித்துக்கொண்டு மீதி முழுக்க. வட்டி மட்டும் அதைவிடக் கூடுதல்."

"கூடக் கையெழுத்துப் போட ஆள்?"

"உன்னுடைய கடன் வரலாற்றில் கறை எதுவும் இல்லை என்றால் வேண்டாம்."

அங்கேதான் எனக்கு மறுபடி சிக்கல். "எனக்கு அமெரிக்காவில் கடன் வரலாறே இல்லை. நான் எட்டு மாதக் குழந்தையாக அங்கிருந்து வந்தவள். ஒரு பால் புட்டிகூடக் கடனுக்கு வாங்கியதில்லை."

அவள் சிரித்தாள். "ஹனி, ஒன்றுமே இல்லாதது கெட்டது ஆகாது. கெட்டது இருந்தால்தான் கெட்டது."

நான் போட்ட கூச்சலில் பட்டாணிக்காரர் முட்டை அட்டையை இறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டார்: "க்யா ஹுவா, பெஹன்?"

"லோன் மில் கயா! லோன் மில் கயா, பாய்சாப்!" கடன் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன்.

"அச்சா! காடி கா லோன்?" காருக்கான கடனா என்று கேட்டார்.

"காடி நஹி! டாக்டர்! மே டாக்டர் பன்னே ஜா ரஹி ஹூம்!"

அவருக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனாலும் "மபுரூக், மபுரூக்" என்று அரபியில் வாழ்த்தித் தலையை ஆட்டினார். நர்ஸ் கை தட்டினாள். பையன்களில் ஒருவன், "அக்கா, எங்களுக்கு அமெரிக்கா குடுக்குமா? ஏஜென்டுக்குக் கட்ட வாங்குன கடனே இன்னும் ஊர்ல நிக்குது" என்றான்; அதற்கு மற்றவன், "நீ மொதல்ல பத்தாவது பாஸ் பண்ணுடா" என்று அவன் தலையில் தட்டினான். கடையே சிரித்தது. பாய் ஃபிரிட்ஜைத் திறந்து ஆளுக்கு ஒரு லபன், அதாவது மோர்ப் புட்டி, எடுத்துக் கொடுத்தார், காசு வாங்காமல். "மாஷா அல்லாஹ். நல்ல சேதி வந்தா வாய் நனைக்கணும். குடிங்க, குடிங்க. முட்டைக்காரரே, நீங்களும்தான்."

அப்போதுதான் கணவர் தூசியும் தொப்பியுமாக வந்து கடை வாசலில் நின்றார். மனைவி நைட்டியில், செருப்பில்லாமல், மேலுதட்டில் மோர் மீசையோடு, சுற்றிலும் முன்பின் தெரியாத ஆட்கள் கைதட்ட நடுவில் நிற்கிறாள்.

"ஏட்டி, கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு?"

"வரம்பு இல்லங்க! வரம்பு கெடையாதாம்!"

அவர் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பாய் ஒரு லபனை அவர் கையில் திணித்து, "தம்பி, ஒங்க வீட்டம்மா ஜெயிச்சிருச்சு" என்றார். கணவர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். அது மின்விசிறியில் பட்டு வெங்காய மூட்டைக்குப் பின்னால் விழுந்தது. அதை எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் எழுந்துவிட்டேன். வரம்பு இருந்தவரை அதன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நாலு வருஷத்து மொத்தத் தொகையை முதல் முறையாக மனசுக்குள் வைத்துப் பார்த்தேன். எங்கள் இரண்டு வீட்டிலும் இதுவரை பிறந்த யாரும் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். நான் தோற்றால்? பாதியில் முடியாமல் திரும்பினால்?

தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கணவரிடம் சொன்னேன். "பயமாருக்குங்க. வேணாம்னு தோணுது."

அவர் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தார். என்னை உட்கார வைத்தார்.

"நேத்து ராத்திரியே யோசிச்சுட்டேன். முழுசையும் வாங்காண்டாம். காலேஜ் பீசுக்கு மட்டும் கடன எடு. ஒன் சாப்பாடு, வாடகைக்கு நான் அனுப்புதேன். இந்த பிளாட்டக் காலி பண்ணிட்டு நான் கம்பெனி ரூமுக்குப் போயிருதேன்."

"பேச்சிலர் ரூமுக்கா? ஆறு பேர் ஒரு ரூம்ல. ஒங்களுக்கு என்ன தலவிதியா?"

"கல்யாணத்துக்கு முன்னால அங்கதான இருந்தேன். அங்க ஒருத்தரு நல்லா மீன் கொழம்பு வப்பாரு. ஒன் கொழம்பவிட நல்லாருக்கும்."

அதற்குத்தான் அவர் முதுகில் ஓர் அடி வைத்தேன். அடித்த பிறகு பயம் கொஞ்சம் இறங்கியது. முடிவு செய்துவிட்டோம்.

மதுரைக்குப் போன் செய்து அப்பாவிடம் சொன்னேன்.

"அந்தப் பாஸ்போர்ட்ட ரெண்டு தடவ அடுப்புல போட எடுத்தேம்மா. ஒங்கம்மா புடுங்கி வச்சா."

"ஏம்ப்பா?"

"ஒன் சீட்ட அதுதான கெடுத்துச்சு. நான்தான கெடுத்தேன்." பிறகு, "இப்ப அதுவே குடுக்குதாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் சின்னப் பையனுடைய சந்தோஷம் இருந்தது. நான் "ஆமாப்பா, ஆமாப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கினாள்.

"அந்தப் பனியில பல்லு தந்தியடிக்கப் பெத்தேன்ல ஒன்னய? இருவத்தேழு மணி நேரம்! சும்மாவா போகும்?" என்றாள். பிறப்பின் மணிக்கணக்கு ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போகும். நாங்கள் யாரும் திருத்துவதில்லை.

ஆகஸ்டில் துபாயிலிருந்து புறப்பட்டேன். மூன்று விமானம் மாறி அந்தத் தீவில் இறங்கியபோது மழை கொட்டியது. இந்தத் தடவை உண்மையான மழை. வகுப்பில் பெரும்பாலும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்ற ஒரு பையனைக் கையமர்த்தி உட்கார வைத்தேன். அவன்தான் பிறகு நாலு வருஷமும் எனக்குப் பக்கத்து இருக்கை.

எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பருவத்தில் ஒரு பாடத்தில் மயிரிழையில் தப்பினேன். அறுவை அறையில் முதல் நாள் மயங்கி விழுந்தேன். ரத்தம் பார்த்துப் பழகியவள், அதைப் பார்த்து அல்ல, பசியில். கணவர் பேச்சிலர் ரூமில் ஆறு கிலோ கூடினார். மீன் குழம்பு நிஜம்தான் போல.

படிப்பின் தொடக்கத்தில் வெள்ளைக் கோட்டு அணிவிக்கும் சடங்கு ஒன்று உண்டு. அதற்கு அவர் வருஷ லீவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்த களைப்பில் எப்போது கைதட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் கடைசியில் ஒரே தடவையாகக் கைதட்ட வேண்டும் என்று மேடையில் சொன்னதை அவர் கவனிக்கவில்லை. முதல் மாணவன் மேடையேறியதும் தனி ஆளாகத் தட்டினார். இரண்டாவது பெண்ணுக்கும் தட்டினார். அரங்கு திரும்பிப் பார்த்தது. அவர் நிறுத்தவில்லை. நாலாவது பையனுக்கு அவனுடைய பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். என் முறை வருவதற்குள் அரங்கு முழுக்க ஒவ்வொருவருக்கும் தட்டிக்கொண்டிருந்தது. மேடையில் இருந்தவர்கள் கட்டுப்படுத்துவதைக் கைவிட்டிருந்தார்கள்.

இப்போது நான் அமெரிக்காவின் நடுவில், பனி கொட்டும் ஒரு சின்ன ஊரில் குடும்ப டாக்டர். கணவர் இங்கேயும் எஸ்டிமேட்டர்தான். மரவீடுகளுக்குக் கணக்குப் போடுகிறார், செங்கல் இல்லாத வீடு ஒரு வீடா என்று தினம் புலம்புகிறார். கடன் இன்னும் இருக்கிறது. மாதம் பிறந்தால் அதன் பங்கு போய்விடும். இன்று காலை ஒரு வயதான விவசாயி கையை நீட்டினார். ரத்தம் எடுக்க வேண்டியது என் உதவியாளர்தான். ஆனாலும் நானே எடுத்தேன். ஊசியை எடுத்த பிறகும் அவர் தன் பேத்தியின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாப்பாடு கோழியா, வான்கோழியா என்பதில் இரண்டு வீட்டுக்கும் சண்டையாம். அடுத்த மாதம் வரும்போது யார் ஜெயித்தார்கள் என்று சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.